பாட்டி பால்மரம் சீவிய மண்ணில் பேரனுக்கு வீடு உண்டா?

ஜெராமிலிருந்து காப்பார், மேரு வழியாகக் காரை ஓட்டினால், நெரிசல் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முக்கால் மணி நேரத்துக்குள் செத்தியா ஆலம் போய்ச் சேர்ந்துவிடலாம். வழியெல்லாம் முதலில் செம்பனை, பிறகு தொழிற்சாலைகள். அப்புறம் திடீரென்று அகலமான சாலையும், வரிசை பிடித்து நட்ட மரங்களும், பாதுகாவலர் நிற்கும் நுழைவாயில்களும் வந்துவிடுகின்றன. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் அங்கே போவது பெரும்பாலும் பேரங்காடிக்குத்தான். திரும்பி வரும்போது காரில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நாமும் இங்கேயே ஒரு வீடு வாங்கலாமே?"

வானொலியில் நிகழ்ச்சி படைப்பது என் வேலை. வீடு வாங்குவதைப் பற்றி ஒலியலையில் எப்போது பேசினாலும் தொலைபேசி ஓயாது. அழைப்பவர்களில் பாதிப் பேர் இளம் தம்பதிகள். மீதிப் பேர் அவர்களைப் பெற்றவர்கள். இளையவர்கள் வங்கிக் கடனைப் பற்றிக் கேட்கிறார்கள். பெரியவர்கள் பேச்சை எங்கே தொடங்கினாலும் தோட்டத்தில் வந்து முடிக்கிறார்கள். "அந்த இடத்துலதாம்மா நாங்க இருந்தோம். இப்ப அங்க ஒரு வீடு அஞ்சு லட்சம், ஆறு லட்சம்ங்கிறாங்க" என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் குரலில் கோபத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது.

இளையவரின் கேள்வியும் பெரியவரின் வியப்பும் ஒரே கதையின் இரண்டு முனைகள் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வந்தது.

பெயர்ப்பலகைக்குக் கீழே

சிலாங்கூரில் இன்று வசதியான குடியிருப்புகள் என்று பெயர் எடுத்தவற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் பல இடங்களில் தோட்டத்து மண்தான் வெளிவரும். செத்தியா ஆலம் இருக்கும் இடம் நார்த் ஹம்மோக் தோட்டம். சுபாங் ஜெயாவும் யு.எஸ்.ஜே.யும் சீபீல்டு தோட்டம். சுங்கை பூலோவுக்கும் ஷா ஆலத்துக்கும் இடையில் சுமார் 5,000 ஏக்கரில் விரிந்து கிடக்கும் எல்மினா நகரம், பெயரைக்கூட மாற்றாமல் எல்மினா தோட்டத்தின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் ஏதோ ஐரோப்பிய நகரத்தை நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் பெரியவர்களுக்கு அது பெரட்டுக் களம், வாளி, கொசு.

சுபாங் ஜெயாவின் கட்டுமானம் 1970களின் நடுவில் தொடங்கியது. யு.எஸ்.ஜே. பகுதி 1980களின் இறுதியில் எழுந்தது. இன்று அங்கே தோட்டம் இல்லை. ஆனாலும் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. மரமும் லயமும் போன பிறகு அந்தப் பழைய பெயரைப் பள்ளிதான் சுமந்துகொண்டிருக்கிறது. நகரின் நடுவே 'லாடாங்' என்ற சொல்லோடு நிற்கும் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும், இங்கே முன்பு யார் இருந்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி.

சம்பளத்தோடு ஒட்டிய வீடு

தோட்டத்தில் நம்மவர்களுக்கு வீடு இருந்தது. தண்ணீரும் ஆயக்கொட்டகையும் கோயிலும் இருந்தன. வாடகை என்று பெரிதாகக் கொடுத்ததும் இல்லை. ஆகவே, "தோட்டத்துல இருந்தவரைக்கும் வீட்டுக் கவலையே இல்ல" என்று பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை.

ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம், 446ஆவது சட்டம், தோட்ட வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. வேலை போன பின் அந்த வீடு யாருக்கு என்பதற்கு அது தொழிலாளிக்குச் சாதகமான பதில் எதையும் வைத்திருக்கவில்லை. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அதனால்தான் பல குடும்பங்களில் மூத்த மகனோ மகளோ படிப்பை விட்டுவிட்டுத் தோட்ட வேலையில் பெயர் கொடுத்தார்கள். அப்பாவுக்கு ஓய்வு வயது வந்த பிறகும் குடும்பம் அதே லயத்தில் இருக்க அது ஒன்றுதான் வழியாக இருந்தது.

என் தாத்தா குடும்பத்திலும் இதுவே நடந்தது. எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். எல்லாத் தோட்டத்துக்கும் இதே வழக்கம்தான். தாத்தாவின் பெயர் செக்ரோலில் இருந்து எடுக்கப்பட்டபோது பெரியப்பாவின் பெயர் ஏறியது. வீடு நிலைத்தது. பெரியப்பாவின் பள்ளிக்கூடம் நின்றது. மூன்று தலைமுறை அதே வீட்டுக் கூரையின் கீழ் சமைத்துச் சாப்பிட்டும், அந்த வீட்டைக் காட்டி ஒரு வங்கியில் நூறு வெள்ளி கடன் வாங்க முடிந்ததில்லை.

வீட்டுச் சந்தை என்று சொல்கிறோமே, அதில் நம் குடும்பங்கள் பிந்திப்போனது இங்கேதான். 1970களில் பட்டணத்தில் பத்தாயிரம், இருபதாயிரத்துக்கு வீடு வாங்கிய ஓர் ஆசிரியரோ எழுத்தரோ இன்று அந்த வீட்டை விற்கலாம், அல்லது பிள்ளைக்கு முன்பணமாக மாற்றலாம். அதே ஆண்டுகளில் அதே உழைப்பைக் கொடுத்த தோட்டத் தொழிலாளியிடம், விற்கவும் மாற்றவும் எதுவும் இல்லை.

நிலத்துக்கு எப்படி விலை ஏறியது?

ரப்பர் நிலம் எப்படித் திடீரென்று பொன் விளையும் பூமியானது? இதற்கு மூன்று படிகள் உண்டு.

முதல் படி, தோட்டங்கள் கை மாறியது. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி, லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி நிறுவனம் மலேசியாவின் கைக்கு வந்தது. நாட்டின் வரலாற்றில் அது பெருமையான நாள். காலனித்துவ காலத்து ரப்பர் நிலங்கள் உள்நாட்டு நிறுவனங்களின் சொத்தாயின. 2007இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் ஆகிய மூன்றும் ஒன்றாக இணைந்தன. 2017இல் அதே குழுமம் தோட்டத்துக்குத் தனி நிறுவனம், வீடமைப்புக்குத் தனி நிறுவனம் என்று பிரிந்தது. பட்டணத்துக்கு அருகில் உள்ள தோட்ட நிலத்தின் எதிர்காலம் வீடமைப்பில்தான் என்பதை அந்தப் பிரிவே சொல்லாமல் சொல்லியது.

இரண்டாவது படி, சாலை. 2005இல் கத்ரி நெடுஞ்சாலை திறந்தது. 2006இல் செத்தியா ஆலத்துக்குப் புதிய கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையிலிருந்து நேரடி வழி கிடைத்தது. 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை அசாம் ஜாவா வரை வந்து கோலசிலாங்கூரைத் தலைநகரோடு இணைத்தது. 2022 அக்டோபரில் டாஷ் மேம்பாலச் சாலை திறந்தது. கோலாலம்பூருக்குப் போக இரண்டு மணி நேரம் ஆன இடத்திலிருந்து முக்கால் மணியில் போகலாம் என்றால், அந்த இடத்தின் விலை பழைய விலையாக இருக்காது.

மூன்றாவது படிதான் முக்கியமானது. ஆனால் கண்ணுக்குத் தெரியாதது. அது நிலப் பத்திரத்தில் நடக்கும் மாற்றம். நம் நாட்டில் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி நிலம் விவசாயம், கட்டடம், தொழில் என்று வகை பிரிக்கப்படுகிறது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும். அதற்கு பிரிமியம் கட்ட வேண்டும். அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு, முன்பு பால்மரங்கள் நின்ற ஓர் ஏக்கரில் பத்துப் பன்னிரண்டு வரிசை வீடுகள் எழும்பலாம். விலை ஏற்றத்தின் பெரும்பகுதி பிறப்பது இந்தக் காகிதத்தில்தான். அந்தக் காகிதத்தில் பெயர் இருப்பவருக்கே அதன் பலன். லயத்தில் இருந்தவரின் பெயர் அதில் எந்த மூலையிலும் இல்லை.

கைக்கு வந்தது எவ்வளவு?

தோட்டம் மேம்பாட்டுக்குப் போகும்போது வேலை இழப்பவர்களுக்கு இழப்பீடு உண்டு. 1980ஆம் ஆண்டின் விதிமுறைப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 20 வெள்ளி வாங்கிய ஒருவர் 30 ஆண்டுகள் உழைத்தார் என்று வைத்துக்கொள்வோம். 20 வெள்ளியை 20 நாளால் பெருக்கி, 30 ஆண்டால் பெருக்கினால் 12,000 வெள்ளி. அந்தக் காலத்தில் அரசாங்கம் வகுத்த மலிவு விலை வீட்டின் விலை 25,000 வெள்ளி. ஆக, முப்பது ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த பணம் மிகக் குறைந்த விலை வீட்டில் பாதிக்கூடத் தேறவில்லை.

1998இல் அந்த மலிவு விலை இடத்துக்கு ஏற்ப 42,000 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. சம்பளம் அந்த வேகத்தில் உயரவில்லை.

வீடு கொடுக்கப்பட்ட இடங்களும் உண்டு. புத்ராஜெயா எழும்பிய இடத்தில் பிராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் மக்கள் இருந்தார்கள். 1990களின் இறுதியில் அவர்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தச் சுவர்களில் விரிசல் விழுந்தது. நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு இடம் விட்டவர்கள், விரிசல் விட்ட வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு இன்னும் அருகில், பெஸ்தாரி ஜெயா, உலு சிலாங்கூர் பக்கத்தில், மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள். தோட்டங்கள் கைமாறிய பிறகு வீட்டுக்காக அவர்கள் காத்திருந்த காலம் இருபது ஆண்டுக்கும் மேல். 245 குடும்பங்களுக்குத் தரை வீடு கட்டும் திட்டம் 2023இல்தான் அறிவிக்கப்பட்டது. அப்போராட்டம் தொடங்கியபோது மடியில் இருந்த பிள்ளைகள் இன்று கல்யாணம் முடித்து, சொந்தமாக வாடகை வீடு தேடிக்கொண்டிருப்பார்கள்.

பத்து வெள்ளிக் கணக்கு

இதையெல்லாம் நம்மவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1950களில் ஆங்கிலேயர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடலால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம்.

அந்த யோசனையின் அடிப்படை எளிமையானது. நிலம் விற்பனைக்கு வருகிறது என்றால் வாங்குபவர்களில் ஒருவராக நாமும் இருக்க வேண்டும். தனியாக முடியாவிட்டால் கூட்டாக. அறுபது ஆண்டுக்கு முந்திய அந்தப் பாடம் இன்றைய வீட்டுச் சந்தைக்கும் பொருந்துகிறது.

இலங்கை மலையகத்திலும் இதே பாடம்தான். அங்கே தேயிலைத் தோட்ட லயங்களில் இருநூறு ஆண்டு வரலாறு உள்ள நம் மக்களுக்கு, இந்திய அரசின் உதவியோடு முதலில் 4,000 தனி வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அங்கேயும் வீட்டோடு சேர்ந்து எழுந்த பெரிய கோரிக்கை ஏழு பேர்ச் காணிக்கான உறுதிப் பத்திரம். லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஓடும் செங்கல்லும் எவ்வளவு முக்கியமோ, அதைவிட அந்தப் பத்திரம் முக்கியம் என்பது அனுபவத்தில் தெரியும்.

இன்றைய கணக்கு

இப்போது இளையவர்களின் கேள்விக்கு வருவோம். செத்தியா ஆலத்தில் வாங்க முடியுமா?

வீட்டு விலை ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப்போல் மூன்று மடங்குக்குள் இருந்தால் அது கட்டுப்படியாகும் விலை என்பது உலக அளவில் பயன்படும் ஒரு கணக்கு. கசானா ஆய்வுக் கழகம் 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2014இல் மலேசியாவில் அது 4.4 மடங்காக இருந்தது. நாடு முழுமைக்குமான சராசரிக் கணக்கே அப்படி என்றால், பேர் பெற்ற புறநகர்களில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. வீட்டின் விலை 500,000 வெள்ளி. முன்பணம் பத்து விழுக்காடு, அதாவது 50,000. மீதி 450,000 வெள்ளிக் கடன், 4 விழுக்காடு வட்டி, 35 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1,990 வெள்ளி. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. கணவனும் மனைவியும் அந்தச் சம்பளத்தில் இருந்தால் மொத்தம் 3,400. சேமநிதிக்குப் பிடித்தது போகக் கைக்கு வருவது 3,000 சொச்சம். அதில் மூன்றில் இரண்டு பங்கை வீட்டுக்கே கொடுத்துவிட்டுக் குடும்பம் நடத்த முடியாது. வங்கியும் அந்தக் கடனைக் கொடுக்காது.

இதே கணக்கை 250,000 வெள்ளி வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். முன்பணம் 25,000. தவணை ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே. இறுக்கம்தான், ஆனால் முடியாதது அல்ல. சிலாங்கூர் மாநிலத்தின் ருமா சிலாங்கூர்கூ ஈடாமான் வீடுகளின் விலை இதுதான். 1,000 சதுர அடி, மூன்று அறை. குடும்ப வருமான வரம்பு உண்டு. விண்ணப்பம் மாநில வீடமைப்பு, சொத்துடைமை வாரியத்தின் வழியே போக வேண்டும். பெயர் பதியாதவருக்குக் குலுக்கலில்கூட இடமில்லை. நம்மவர்களில் எத்தனை பேர் பதிந்திருக்கிறோம்?

அலை எங்கள் பக்கம் வருகிறது

செத்தியா ஆலத்தின் விலை ஏறினால் ஜெராமில் இருப்பவருக்கு என்ன? நிறைய இருக்கிறது. விலை அலைபோல வெளியே பரவும். முதலில் சுபாங் ஜெயா, பிறகு ஷா ஆலத்தின் வடபகுதி, அப்புறம் மேரு. யுஐடிஎம் வளாகம் உள்ள புஞ்சாக் ஆலத்தைச் சுற்றி இப்போது புதுக் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. பந்திங்கிலிருந்து தைப்பிங் வரை போகும் 233 கிலோமீட்டர் மேற்குக் கரை நெடுஞ்சாலை எங்கள் பக்கத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஜெராம் என்றால் பாசிர் பெனாம்பாங் அளவுக்கு மீனும் நண்டும் தின்ன வரும் இடம் என்று நினைத்திருந்த கோலாலம்பூர்க்காரர்கள், இப்போது நிலம் கேட்டு வருகிறார்கள்.

இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? பத்திரம் கையில் வைத்திருப்பவருக்கு நல்ல செய்தி. வாடகையில் இருப்பவருக்கும், இன்னும் தோட்ட வீட்டில் இருப்பவருக்கும் கவலைப்பட வேண்டிய செய்தி.

அதற்காக அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடக் கூடாது. அவசரத்தின் விலையை வட சிலாங்கூர் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்திருக்கிறது. 1990களில் புக்கிட் பெருந்தோங், லெம்பா பெரிங்கின் பக்கமெல்லாம் தோட்டங்களை அழித்துக் கனவு நகரம் எழும்பும் என்றார்கள். 1997இல் பொருளாதார நெருக்கடி வந்தது. கூரை போட்ட வீடுகள் ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடந்தன. வீடு வந்த அளவுக்கு அங்கே வேலையும் பஸ்ஸும் வரவில்லை. தவணை கட்டியவர்கள் வங்கிக்கும் கட்டி, பட்டணத்தில் வாடகையும் கட்டினார்கள். பக்கத்தில் பெரிய நகரம் வரப்போகிறது என்று விற்பவர் சொல்வதும், அது உண்மையில் வருவதும் வேறு வேறு.

சித்தி வீட்டில் நடந்த பேச்சு

கடந்த ஆண்டு எங்கள் குடும்பத்திலேயே இந்தக் கேள்வி வந்தது. சித்தப்பா தோட்ட வேலையில் இருந்தபோதே சேமநிதிப் பணத்தை எடுத்து, ஜெராம் பக்கத்துச் சிறிய தாமானில் ஒரு மலிவு விலை வீடு வாங்கியிருந்தார். வாங்கியபோது உறவுக்காரர்கள் சிரித்தார்கள்: "கம்பெனி சும்மா குடுக்குற வீடு இருக்கறப்ப இது எதுக்கு?" சித்தப்பா இப்போது இல்லை. வீடு சித்தியின் பெயரில் இருக்கிறது. தம்பிக்கு ஷா ஆலத்தில் வேலை. மனைவிக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாடகை அறையில் காலம் தள்ள முடியாத நிலை.

"அக்கா, இந்த வீட்ட வித்தா செத்தியா ஆலத்துல முன்பணம் கட்டிரலாம். அம்மாவும் எங்களோட வந்துருவாங்க" என்றான் தம்பி.

சித்தி உடனே மறுக்கவில்லை. பிள்ளை கேட்கிறான் என்றால் கொடுத்துவிடும் மனசு. என்னைப் பார்த்து ஒன்றை மட்டும் கேட்டார்: "ஏம்மா, அங்க வாங்குற வீட்டுல என் பேரு இருக்குமா?"

அன்று இரவு மூவரும் உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போட்டோம். தவணை, பராமரிப்புக் கட்டணம், கார் கடன், பிள்ளையின் பால் மாவு. மாதக் கடைசியில் முந்நூறு வெள்ளி துண்டு விழுந்தது. ஒரு மாதம் ஓவர்டைம் இல்லாவிட்டால் எல்லாம் சரிந்துவிடும். சரிந்தால் தம்பிக்குப் புது வீடும் போகும். சித்திக்குப் பழைய வீடும் இருக்காது. தோட்டத்தைவிட்டு வெளியே வந்து முப்பது ஆண்டுக்குப் பிறகு, குடும்பத்தில் ஒருவர் பெயரிலும் வீடு இல்லாத நிலைக்குத் திரும்பியிருப்போம்.

தம்பிக்கு அன்று முகம் வாடித்தான் போனது. அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு நல்ல இடம் வேண்டும் என்று நினைப்பது எந்த அப்பனுக்கும் இயல்பு. கடைசியில் ஜெராம் வீட்டை விற்கவில்லை. தம்பியும் மனைவியும் புஞ்சாக் ஆலத்தில் 250,000 வெள்ளிக்குக் கீழே ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் பதிந்தார்கள். முன்பணத்தில் ஒரு பங்கு சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து வந்தது. ஒரு பங்கு சித்தியின் கூட்டுப்பணம். அந்தப் பத்திரத்தில் இரண்டு பெயர்: தம்பியுடையது, அவன் மனைவியுடையது. சித்தியின் பெயர் ஜெராம் வீட்டுப் பத்திரத்தில் அப்படியே இருக்கிறது.

கையெழுத்துக்கு முன்

வானொலியில் அடிக்கடி கேட்கப்படும் சில விஷயங்களை இங்கே எழுதி வைக்கிறேன். வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிக்கொண்டாலும் சரி.

புது வீடு வாங்கினால், மேம்பாட்டாளருக்கு வீடமைப்பு அமைச்சின் உரிமமும் விளம்பர, விற்பனை அனுமதியும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமைச்சின் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். சட்டம் வகுத்த ஒப்பந்தப்படி தரை வீட்டை 24 மாதத்திலும், அடுக்குமாடியை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும். தாமதமானால் வீட்டு விலையில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என்ற கணக்கில், தாமதமான நாள்களுக்கு இழப்பீடு கேட்கலாம். சாவி வாங்கியதிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளை மேம்பாட்டாளரே சரிசெய்து தர வேண்டும். விரிசலைக் கண்டால் படம் எடுத்து எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு சாட்சியாகாது.

லாரி ஓட்டுகிறேன், கடை போட்டிருக்கிறேன், சம்பளச் சீட்டு இல்லை என்பவர்களுக்கு அரசாங்கத்தின் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம், எஸ்.ஜே.கே.பி., இருக்கிறது. 500,000 வெள்ளி வரையிலான கடனுக்கு அது உத்தரவாதம் தருகிறது. வங்கி ஒருமுறை இல்லை என்றதும் வீடு திரும்பிவிடாமல், இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்தில் 'பங்களா லாட், மலிவு விலை' என்று பலகை தொங்கினால் நின்று யோசியுங்கள். அவற்றில் பல இன்னும் வகை மாற்றாத விவசாய நிலம். தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்கு, அதாவது சுமார் ஓர் ஏக்கருக்குக் குறைவான துண்டாகப் பிரித்துத் தனிப் பத்திரம் எடுக்க முடியாது. அதனால் பத்து இருபது பேரின் பெயரை ஒரே பத்திரத்தில் ஏற்றி, இந்த மூலை உங்களுக்கு என்று கை காட்டுவார்கள். நாளைக்கு வீடு கட்ட அனுமதி வேண்டும் என்றாலும், விற்க வேண்டும் என்றாலும் சிக்கல். பங்காளிகளில் ஒருவர் இறந்தாலே சிக்கல்தான். பணம் கொடுக்கும் முன் நில அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தைத் தேடி எடுத்து, நில வகை என்ன, யார் யார் பெயர், அடமானம் உண்டா என்று பாருங்கள். அதற்குப் பெரிய செலவில்லை.

கடைசியாக, வீட்டில் பெரியவர்கள் பெயரில் வீடு இருந்தால், அவர்கள் நல்லபடி இருக்கும்போதே உயில் எழுதச் சொல்லுங்கள். நம்மிடையே இதைப் பேசுவதே அபசகுனம்போல இருக்கிறது. பேசாமல் விட்டதால் தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீடுகள், விற்கவும் முடியாமல், பழுதுபார்க்கக் கடன் வாங்கவும் முடியாமல் நம் தாமான்களில் எத்தனையோ.

செத்தியா ஆலத்தில் வீடு வாங்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கட்டும். நார்த் ஹம்மோக்கில் பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே குடியேறினால் அதைவிட மகிழ்ச்சி எனக்கு இல்லை. முடியாதவர்கள், எட்டாத விலையைத் துரத்தி இருப்பதை இழக்க வேண்டாம். ஜெராமோ, புஞ்சாக் ஆலமோ, பெஸ்தாரி ஜெயாவோ, கட்ட முடிந்த விலையில், பத்திரத்தில் நம் பெயர் ஏறும் ஒரு வீடு போதும். இந்த வாரம் வீட்டில் எல்லாரும் கூடும் நேரத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: நாம் குடியிருக்கும் இந்த வீட்டின் பத்திரம் எங்கே இருக்கிறது, அதில் யார் பெயர் இருக்கிறது?